ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். பேருந்துத் தொழிலில் தொடங்கி மின்மோட்டார், வானொலி, சவரக்கருவி, வேளாண்மை, தொழிற்கல்வி எனப் பல துறைகளில் ஈடுபட்டார். 1952 ஆம் ஆண்டில் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்காததால் அதன் உற்பத்தி கைவிடப்பட்டது.

இளமை

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லாததால் இவரது முறையான கல்வி தொடக்க நிலையிலேயே நின்றுவிட்டது. ஆயினும் தாமாக நூல்களைப் படிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொண்டார்.

மோட்டார் சைக்கிள்

லங்காஷயர் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளை இளமையில் கண்டது இவர் வாழ்வின் திருப்பமாக அமைந்தது. மாடோ குதிரையோ இழுக்காமல் ஓடிய அவ்வண்டியைத் தாமும் வாங்க வேண்டும் என்று எண்ணினார். அதற்காகக் கோயம்புத்தூருக்குச் சென்று, ஓர் உணவகத்தில் பரிமாறுபவராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். பின்னர் 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார்.

வாங்கிய வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்தார். எந்தப் பகுதி எதற்காக உள்ளது, அதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதை இவ்வாறே கற்றுக்கொண்டார். ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்து, அதைச் செய்வதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடும் வழக்கம் இவரது பிற்காலப் பணிகள் பலவற்றிலும் காணப்படுகிறது.

பேருந்துத் தொழில்

சிறிது காலம் பருத்தித் தொழிலில் ஈடுபட்ட நாயுடு, பம்பாய் பருத்தி வணிகத்தில் பெரும் பொருளை இழந்தார். அதன் பின்னர் கோயம்புத்தூரில் தொழில் நடத்தி வந்த இராபர்ட் ஸ்டேன்ஸ் என்பவரின் உதவியுடன் ஒரு பேருந்தை வாங்கினார். 1920 இல் அதனைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே இயக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் இவரே ஓட்டுநராகவும் இருந்தார். இத்தொழில் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (யு.எம்.எஸ்.) என்னும் பெரிய நிறுவனமாயிற்று.

குறைந்த விலைப் பொருட்கள்

1937 இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவின் முதல் மின்மோட்டார் எனக் கருதப்படும் மோட்டாரை உருவாக்கினார். உலர் மின்கலத்தால் இயங்கும் ரசாந்த் சவரக்கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் மின்விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் ஆகியவையும் இவர் உருவாக்கியவை. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தம்மால் இந்தியாவிலேயே தயாரிக்க இயலும் என்று 1941 இல் அறிவித்தார்.

இரண்டாயிரம் ரூபாய் கார்

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் கார் என்பது செல்வந்தர்களின் பொருளாகவே இருந்தது. அன்று விற்பனையில் இருந்த கார்கள் பலவும் வெளிநாட்டு வடிவமைப்பில், இறக்குமதியான உதிரிபாகங்களைக் கொண்டு இங்கே பூட்டப்பட்டவை. இந்நிலையில் 1952 இல் நாயுடு தமது இருவர் காரை வெளிக்கொணர்ந்தார். 2,000 ரூபாய் என்பது அன்றைய கார்களின் விலையில் ஒரு சிறு பங்கே ஆகும்.

1951 ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பட்டியலிடப்பட்ட தொழில்களில் புதிய ஆலை தொடங்க அரசின் உரிமம் கட்டாயமாயிற்று. அந்நியச் செலாவணியையும் மூலப்பொருட்களையும் சிக்கனமாகப் பயன்படுத்துவது இக்கொள்கையின் நோக்கங்களுள் ஒன்று. இதன் விளைவாகக் கார் உற்பத்தி இந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் உள்ளிட்ட சில நிறுவனங்களின் கையில் நின்றது. நாயுடுவின் காருக்கு உரிமம் மறுக்கப்பட்டது.

சிறிய விலையில் கார் என்னும் எண்ணம் இந்தியாவில் பல ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் பெரிதாகப் பேசப்பட்டது. ஒரு லட்சம் ரூபாய் கார் என்று 2008 இல் அறிமுகப்படுத்தப்பட்ட டாட்டா நானோ 2009 இல் விற்பனைக்கு வந்தது. அதன் உற்பத்தி 2018 இல் நின்றது. நானோ சந்தைக்கு வந்ததால் மக்கள் அதனை ஏற்கவும் மறுக்கவும் முடிந்தது. நாயுடுவின் காருக்கு அவ்வாய்ப்பு அமையவில்லை. ஆகவே அந்த விலையில் அதனைப் பெருமளவில் தயாரித்திருக்க முடியுமா என்பது சோதிக்கப்படாமலே போயிற்று.

தொழிற்கல்வி

1945 இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற நாயுடு முதன்மைக் காரணமாக இருந்ததோடு அதன் முதல்வராகவும் பணியாற்றினார். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளே போதும் என்பது இவரது கருத்து. அரசு இதனை ஏற்காததால் பொறுப்பிலிருந்து விலகினார். அக்கல்லூரியே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகும்.

மறைவும் நினைவும்

நாயுடு 1974 ஜனவரி 4 அன்று காலமானார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் இவரது மகன் ஜி. டி. கோபால் முயற்சியால் 2015 இல் கார் அருங்காட்சியகம் ஒன்று தொடங்கப்பட்டது. பல நாடுகளின் பழைய கார்கள் அங்கே புதுப்பிக்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. இத்தகைய கார்களின் மதிப்பு, அடிச்சட்டமும் இயந்திரமும் தொடக்கத்தில் இருந்தவையே தானா, அவ்வகையில் எத்தனை எஞ்சியுள்ளன, ஆவணங்கள் உள்ளனவா, புதுப்பித்தல் எவ்வளவு செம்மையானது என்பவற்றைக் கொண்டு கணிக்கப்படுகிறது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கு இந்திய அரசு 2021 இல் தனிப் பதிவு முறையை ஏற்படுத்தியது.

அதே அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.