மூளையைத் தமிழில் கற்பித்த மருத்துவர்

அக்கரைப்பற்று வயல்களில் ஏர் ஓடிய பின்னர் மேடும் சாலுமாக மண் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். மனித மூளையின் மேற்பரப்பும் அவ்வாறானதே. ஆனால் அதன் மேடுகள் நேராகச் செல்வதில்லை. வளைந்து, மடிந்து கிடக்கின்றன. விரிந்த புறணியைச் சிறிய மண்டையோட்டுக்குள் அடக்க இறைவன் வகுத்த வழி இது. அப்புறணியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மடிப்புகளுக்குள்ளேயே மறைந்திருக்கிறது. 1861ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா, இடப்பக்க முன்மூளையின் ஒரு மடிப்பு பழுதுபட்டால் மனிதன் பேச்சையே இழப்பான் என்று காட்டினார்.

இத்தகைய அறிவைத் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே கொடுக்க வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர் உண்டு. அவர் தமிழரல்லர், கத்தோலிக்கருமல்லர். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்த கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் கற்றார். 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் நோயாளரைக் கவனித்தவாறே இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் கற்பித்தது ஆங்கிலத்தில். பயின்றவர்களோ அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர். கிராமத்து ஏழை முன்போலவே மருத்துவரின்றித் தவித்தான். தமிழில் கற்றவன் தன் ஊரிலேயே தங்குவான் என்று கண்ட கிறீன், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார்.

ஆனால் அதற்கு நூல் வேண்டுமே! எலும்புக்கும் நரம்புக்கும் மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் மாணவனுக்கு விளங்கும் சொல் வேண்டுமே! மாணவர் துணையுடன் அந்தப் பெரும் பணியில் இறங்கினார். 1858இல் இலண்டனில் வெளியான கிரேயின் உடற்கூற்று நூல், பதினான்கே ஆண்டுகளில், 1872இல், 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் வந்தது. 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களும் வெளிவந்தன. எல்லாமாக 4,000 பக்கங்களுக்கு மேல். அவரிடம் பயின்று வெளியேறிய மருத்துவர்கள் 60 பேருக்கும் அதிகம்.

உடல்நலம் குன்றி 1873இல் தாய்நாடு திரும்பினார். அங்கிருந்தும் தமிழ்ப் பணியை விடவில்லை. 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் புரிந்தவர் என்பதே அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெந்தெகோஸ்தே நாளில் ஒவ்வொருவரும் நற்செய்தியைத் தத்தம் மொழியிலேயே கேட்டனர். நோயாளிக்கும் அந்த உரிமை உண்டல்லவா? இக்கரையோரத்தில் முஸ்லிம் தாயும் இந்துத் தாயும் கிறிஸ்தவத் தாயும் பிள்ளையின் நோயை ஒரே தமிழில்தான் சொல்லி அழுகிறார்கள். ஆங்கிலத்தில் மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகள், நாளை அந்தத் தாய்க்கு விளங்கும்படி பதில் சொல்வார்களா? பெற்றோரே, அவர்களை அதற்கும் பழக்குங்கள். அதுவும் பிறரன்புப் பணியே.