ராஸும் உசேன் கானும்

மலேரியாவைக் கெட்ட காற்று என்றனர் சிலர். தெய்வக் குற்றம் என்றனர் பலர். இரத்தத்தில் கிருமி உண்டெனக் கண்டவர் லவரான். அதைச் சுமப்பது கொசுவே என நிலைநாட்டியவர் ரொனால்டு ராஸ்.

1857ல் அல்மோராவில் பிறந்த ராஸ், 1881ல் வெள்ளையர் ஆட்சியின் மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை வந்தார். 1897ல் உதகையை அடுத்த சீகூர் மலைச்சரிவில் காய்ச்சலின் வேரைத் தேடிப் போனவரை அக்காய்ச்சலே பற்றியது. கொயினா உண்டு மீண்டார், தேடலை விடவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். 1902ல் நோபல் பரிசு, 1932ல் மறைவு.

பரிசு ராஸுக்கு. கொசு கடிக்க உடலைத் தந்தவரோ உசேன் கான் எனும் நோயாளி. அவருக்குக் கிடைத்தது கொசுவுக்கு ஓரணா!

ராஸைக் காத்தது மருந்து. ஆனால் எல்லா மருந்தும் என்றும் காக்குமா? 1973ல் அசாமில் குளோரோகுயினுக்கு மடங்காத கிருமி தலைதூக்கியது. 1976ல் நியூயார்க்கில் டிரேகரும் ஜென்சனும் அக்கிருமியை ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்க்க வழி கண்டனர். இன்று நோயாளியின் இரத்தத்தோடு மருந்தைப் பல அளவுகளில் கலந்து வைக்கிறார்கள். கிருமி வளர்கிறதா, மடிகிறதா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எந்த மருந்து பலிக்கும் என்பது அதில் தெரிகிறது.

அந்த இரத்தம் இன்றும் உழைப்பவனுடையதே! நெய்வேலிச் சுரங்கத் தோழனே, மேல்பட்டாம்பாக்கத்து உழவனே! காய்ச்சல் கண்டால் மந்திரிக்க ஓடாதே. இரத்தம் சோதிக்கச் சொல். தந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. அரைகுறை மருந்து கிருமிக்குத் தரும் பயிற்சி. சோதனை சலுகை அல்ல. உசேன் கான்கள் இரத்தம் தந்து ஈட்டிய உரிமை!