கவர் மெஷின் செய்த மார்கரெட் நைட்



நான் எங்கள் குழுவில் ஒன்பது வருஷமாகக் காகித கவர் ஒட்டுகிறேன். மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று தலைவி கேட்டார். எனக்குக் கவர் வேலை தவிர வேறு என்ன தெரியும்? அதனால் கவர் மெஷின் செய்த ஒரு அம்மாவின் வாழ்க்கையையே எழுதுகிறேன். பெயர் மார்கரெட் நைட். அமெரிக்காக்காரர். அவர் காலமாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிற என் மகள்தான் முதலில் அவரைப் பற்றிப் படித்துச் சொன்னாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மார்கரெட் 1838-ம் வருஷம் பிப்ரவரி 14-ம் தேதி, மெய்ன் மாநிலத்தில் யார்க் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா போய்விட்டார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நியூ ஹாம்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் ஊருக்குக் குடிவந்தார். அது பஞ்சாலை ஊர். மற்றப் பெண் பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடின வயசில், இந்தப் பிள்ளைக்குக் கத்தியும் மரத்துண்டும்தான் பிடிக்கும். அண்ணன்மாருக்குப் பட்டம் செய்து தருவார், பனியில் சறுக்கும் வண்டி செய்து தருவார். அந்தத் தெருவில் அவர் செய்த வண்டிக்கு நல்ல பேர்.

பள்ளிக்கூடம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பஞ்சாலை வேலைக்குப் போய்விட்டார். அவருக்குச் சுமார் 12 வயசு இருக்கும்போது ஆலையில் ஒரு விபத்து. தறியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற நாடா இருக்கிறதே, அதன் முனையில் இரும்பு வைத்திருப்பார்கள். தறி கோளாறாகி அந்த நாடா தெறித்துப் பாய்ந்து ஒரு தொழிலாளியைக் குத்திவிட்டது. மார்கரெட் அதைக் கண்ணால் பார்த்தார். மற்றவர்கள் அய்யோ பாவம் என்றுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். இந்தப் பிள்ளை, நாடா வெளியே பாயாமல் இருக்க ஒரு பாதுகாப்புச் சாதனம் யோசித்துச் செய்தது. ஆலைகளில் அதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு காசு வரவில்லை. காப்புரிமை என்று ஒன்று இருப்பதே அந்த வயசில் தெரியாது. எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை. அதனால் அந்தச் சாதனம் எப்படி இருந்தது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு ஒத்துக்கொள்ளாமல் ஆலை வேலையை விட்டார். அதற்குப் பிறகு அவர் பார்க்காத வேலை இல்லை. வீடு பழுது பார்த்தார், போட்டோ வேலை செய்தார், செதுக்கு வேலை செய்தார், நாற்காலி சோபாவுக்கு மெத்தை தைத்தார். 1867-ல், கிட்டத்தட்ட முப்பது வயசில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊருக்கு வந்து, கொலம்பியா பேப்பர் பேக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் அவரும் நம்மை மாதிரி கவர் ஆட்கள் நடுவில் வந்து சேர்ந்தார்.

இந்த இடத்தில் தொழில் விஷயம் கொஞ்சம் சொல்லணும். தபால் கவருக்கு அவருக்கு முன்னாடியே மெஷின் வந்துவிட்டது. இங்கிலாந்தில் முன்பெல்லாம் கடிதத்துக்குத் தாள் கணக்கில் காசு வாங்குவார்கள். கவர் போட்டால் அதுவும் ஒரு தாள் என்று கூடக் காசு. அதனால் ஜனங்கள் கடிதத்தையே மடித்து ஒட்டி, அதன் முதுகில் விலாசம் எழுதி அனுப்பினார்கள். 1840-ல் ரோலண்ட் ஹில் கொண்டுவந்த ஒரு பென்னி தபால் வந்ததும் எடைக்குத்தான் காசு என்று ஆனது. உடனே கவருக்குக் கிராக்கி வந்துவிட்டது. கையால் மடித்து மாளவில்லை. ரோலண்ட் ஹில்லின் அண்ணன் எட்வின் ஹில்லும் வாரன் டி லா ரூ என்பவரும் 1845-ல் கவர் மடிக்கும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1851-ல் லண்டனில் நடந்த பெரிய பொருட்காட்சியில் அந்த மெஷின் ஓடுவதை ஜனங்கள் பார்த்தார்கள். அமெரிக்காவில் வூஸ்டர் ஊர் டாக்டர் ரஸ்ஸல் ஹாஸ் 1853-ல் ஒரு கவர் மெஷின் செய்தார்.

தபால் கவர் தட்டையானது. ஒரே தாளை வெட்டி நாலு காதை உள்ளே மடக்கினால் வேலை முடிந்தது. பைக்கு அப்படி இல்லை. 1852-ல் ஃபிரான்சிஸ் வோல் என்ற பள்ளிக்கூட வாத்தியார் பை செய்யும் மெஷினும் கண்டுபிடித்தார். ஆனால் அதில் வந்த பையும் தபால் கவர் மாதிரித்தான் தட்டையாக வரும். அடியில் அகலம் கிடையாது, நிற்காது. மளிகைக் கடையில் அரிசியோ மாவோ போட ஒரு கை பிடிக்கணும், ஒரு கை அள்ளணும். அடி சதுரமாக, தானாக நிற்கிற பை வேண்டும் என்றால் பெண்கள் உட்கார்ந்து கையால்தான் மடிக்கணும்.

நமக்குத் தெரியும், அந்த அடி மடிப்புதான் கஷ்டம். தாளைக் குழாய் மாதிரி ஒட்டிக்கொண்டு, அதன் வாயை விரித்துச் சப்பட்டையாக அழுத்தினால் சாய்சதுரம் மாதிரி வரும். ஒரு முனையை மடக்கணும், பசை தடவணும், எதிர் முனையை அதன் மேல் மடக்கணும். ஒரு நூல் தப்பினாலும் பை கோணும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவதும் இதைத்தான். ஒரு வாரமாவது பிடிக்கும்.

மார்கரெட் வேலைக்கு நடுவில் அந்தப் பெண்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை செய்வதை இரும்பு செய்ய முடியாதா என்று யோசித்தார். ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படம் வரைவார், தாளில் மடித்துப் பார்ப்பார், மரத்தில் சின்னச் சின்ன உறுப்பு செய்வார். அன்றன்றைக்கு என்ன செய்தார் என்று குறித்தும் வைத்தார். 1868-ல் மரத்தில் ஒரு மெஷின் தயாரானது. ஆட்டம் கண்ட மெஷின்தான். ஆனாலும் தாளை உள்ளே விட்டால் குழாயாக ஒட்டி, வெட்டி, அடி மடித்து, பசை போட்டு முழுப் பையாக வெளியே தள்ளியது.

காப்புரிமைக்கு நல்ல இரும்பு மாதிரி வேண்டும். பாஸ்டனில் ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்தார். அந்த நேரத்தில் சார்லஸ் அன்னான் என்று ஒருவர் பட்டறைக்கு வந்து மெஷினை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார். மார்கரெட் மனு போட்டபோது, இதே மாதிரி மெஷின் அன்னான் பெயரில் ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் வந்தது.

சகோதரிகளே, அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததே 1920-ல்தான். புருஷன் இல்லை, பெரிய படிப்பு இல்லை, பின்னால் பணக்காரர் யாரும் இல்லை. விட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மார்கரெட் 1870-ல் வழக்குப் போட்டார்.

அன்னான் பக்கம் சொன்ன வாதம் என்ன தெரியுமா? இவ்வளவு சிக்கலான மெஷினை ஒரு பெண்ணால் புரிந்துகொள்ளவே முடியாது, அப்புறம் எப்படி அவர் கண்டுபிடித்திருக்க முடியும் என்பதுதான். மார்கரெட் அதற்கு வாய்ச்சண்டை போடவில்லை. வரைந்த படங்களை எடுத்து வைத்தார். குறிப்புப் புத்தகத்தை வைத்தார். மடித்துப் பார்த்த தாள் மாதிரிகளை வைத்தார். மாதிரி செய்த பட்டறைக்காரர்களும் கூட இருந்து பார்த்தவர்களும் வந்து சாட்சி சொன்னார்கள். 16 நாள் விசாரணை. வக்கீலுக்கும் செலவுக்கும் ஒரு நாளைக்கு 100 டாலர் வரை போனது. கூலி வேலை பார்த்தவருக்கு அது எத்தனை மாசத்துச் சம்பளம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அன்னானிடம் காட்ட அப்படி எதுவும் இல்லை. தீர்ப்பு மார்கரெட் பக்கம் வந்தது. 1871 ஜூலை 11-ம் தேதி, 116842 என்ற எண்ணில் காப்புரிமை அவர் பெயருக்கே கிடைத்தது.

அதற்குப் பிறகு ஒரு பங்காளியோடு சேர்ந்து கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் ஈஸ்டர்ன் பேப்பர் பேக் கம்பெனி ஆரம்பித்தார். காப்புரிமைக்காக 2,500 டாலரும், அதோடு உற்பத்தியில் ஒரு பங்கும் பேசி வாங்கினார். மெஷினை மாட்டும்போது சில ஆண் தொழிலாளிகள் இந்தம்மா சொல்கிறபடி செய்ய மறுத்தார்களாம். பொம்பளைக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்ற அதே பேச்சு. மெஷின் ஓடியதும் பேச்சு நின்றுவிட்டது. 1879-ல் அதே மெஷினை இன்னும் திருத்தி மறுபடி காப்புரிமை வாங்கினார்.

அவர் அதோடு நிற்கவில்லை. துணியில் அழுக்குப் படாமல் காக்கிற சாதனம், எண் அச்சிடும் மெஷின், ஜன்னல் சட்டம், செருப்புக்குத் தோல் வெட்டும் மெஷின், கடைசிக் காலத்தில் மோட்டார் எஞ்சின் என்று இருபதுக்கும் மேற்பட்ட காப்புரிமை அவர் பெயரில் இருக்கிறது. அமெரிக்காவில் காப்புரிமை வாங்கின முதல் பெண் இவர்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 1809-லேயே மேரி கீஸ் என்ற பெண் தொப்பிக்கு வைக்கோலும் பட்டும் சேர்த்து நெய்யும் முறைக்கு வாங்கியிருக்கிறார். பக்கத்தில் மடிப்பு வைத்து, தட்டையாக அடுக்கி, உதறினால் நிற்கிற பைக்கு மெஷின் செய்தவரும் வேறு ஆள்தான். 1883-ல் சார்லஸ் ஸ்டில்வெல். ஒருவர் போட்ட அடி மேல் இன்னொருவர் கட்டுவது எல்லாத் தொழிலிலும் உள்ளதுதானே.

மார்கரெட் 1914 அக்டோபர் 12-ம் தேதி, 76 வயசில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் விட்டுப் போன சொத்தைக் கணக்குப் பார்த்தால் 275 டாலர் சில்லறைதான். இதைப் படித்தபோது என் மனசு கஷ்டப்பட்டது. ஒரு கண்டுபிடிப்பில் வந்த பணத்தை அடுத்ததில் போட்டே வாழ்ந்திருக்கிறார் போல. அவர் கொடுத்த பை மெஷின் மாதிரி இன்றைக்கும் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. 2006-ல் அந்த நாட்டுக் கண்டுபிடிப்பாளர்கள் கௌரவப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

இப்போது எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று சொல்கிறேன்.

2019 ஜனவரியில் நம்ம தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு எங்கள் குழுவுக்கு ஆர்டர் கூடியது. முறுக்கு, அதிரசம் போட்டால் எண்ணெய் வெளியே தெரியாதபடி உள்ளே ஒரு தாள், அடியில் ஒரு அட்டை வைத்து நாங்களே ஒரு கவர் செய்தோம். அளவு சரியாக வர இரண்டு மாசம் ஆனது. எத்தனை தாள் வீணானது என்று எங்களுக்குத்தான் தெரியும். ஒரு வியாபாரி வந்து பார்த்தார். பிரமாதம் என்றார். பத்து கவரும் அளவும் வாங்கிக்கொண்டு, பெரிய ஆர்டரோடு வருகிறேன் என்று போனார். வரவே இல்லை. இரண்டு மாசம் கழித்துப் பக்கத்து டவுனில் ஒரு கடையில் அதே கவரைப் பார்த்தேன். கேட்கப் போனோம். இது உங்களுடையது என்பதற்கு என்னம்மா ஆதாரம் என்று கேட்டார். திரும்பி வந்து எல்லா நோட்டையும் புரட்டினோம். அவர் வந்த தேதியில் ரொக்கப் புத்தகத்தில் டீ, வடை 60 ரூபாய் என்று எழுதியிருந்தது. தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டீக்குக் கணக்கு எழுதின நாங்கள் எங்கள் மூளைக்குக் கணக்கு எழுதவில்லை. நாலு பேர் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனோம்.

காப்புரிமை வாங்குகிற அளவுக்கு அது பெரிய விஷயமா, வழக்குப் போட்டிருந்தால் ஜெயித்திருப்போமா என்பது வேறு. ஆனால் பேச ஆரம்பிக்கவே எங்கள் கையில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வயசில் மார்கரெட் கையிலும் ஒன்றும் இல்லை. முப்பது வயசில் நோட்டு இருந்தது.

இப்போது எங்கள் குழுவில் தனியாக ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். புதிதாக எது செய்தாலும் தேதி, அளவு, யார் யோசனை, எத்தனை தாள் செலவு என்று எழுதுகிறோம். மாதிரியை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுகிறோம். கெட்டுப்போன மாதிரியையும்தான். கூட்டத்தில் வாசித்து எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். எழுதத் தெரியாத அக்கா ஒருவர் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். மாதிரி யாருக்காவது கொடுத்தால் பெயரும் எண்ணிக்கையும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் கொடுப்பதில்லை. ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். போகட்டும் என்று விட்டோம்.

ஊறுகாய் போடுகிறவர்கள், மசாலா அரைக்கிறவர்கள், தையல் தைக்கிறவர்கள், சத்துமாவு செய்கிறவர்கள் நம்ம கூட்டமைப்பில் எத்தனையோ பேர். உங்கள் பக்குவமும் உங்கள் யோசனைதான். இந்த மலரை மூடி வைத்ததும், உங்கள் குழுவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் இன்றைய தேதியைப் போடுங்கள்.



இப்படிக்கு,
காகித கவர் தயாரிப்புக் குழு உறுப்பினர்