வால்வெள்ளியைக் கணித்த ஆசான்

வால்வெள்ளி தோன்றினால் நாட்டுக்குக் கேடு என்பது எம்மவரிடையே நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. 1910 ஆம் ஆண்டு மே மாதம் ஹலியின் வால்வெள்ளி தென்பட்டபோது மேலைநாட்டினரும் அஞ்சினர். அதன் வாலினூடே பூமி கடக்கையில் நச்சுவாயு பரவும் என்ற வதந்தியே அதற்குக் காரணம். அவ்வேளை வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அலன் ஆபிரகாம் அதனை அச்சத்தோடன்றிக் கணிதத்தோடு அணுகினார்.

1865 இல் பிறந்த காரைநகர் மைந்தரான அவர், அவ்வால்வெள்ளி பற்றிய தமது ஆய்வினால் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகும் பேறு பெற்றார். பனிக்கட்டியும் தூசும் திரண்ட அச்சிறு பொருள் சூரியனின் ஈர்ப்புக்கு உட்பட்டு ஏறத்தாழ 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வலம் வருகிறது. சூரியனை நெருங்குகையில் அதன் பனி ஆவியாகி, சூரியனுக்கு எதிர்ப்புறமாக வாலென நீள்கிறது. இதில் கேட்டின் அறிகுறி எதுவுமில்லை.

1922 இல் ஆபிரகாம் மறைந்தார். 1986 இல் மீண்டு வந்த வால்வெள்ளி 2061 இல் மறுபடியும் வரும். இன்று கிளிநொச்சிப் பாடசாலைகளில் பயிலும் சிறார் அன்று ஐம்பது வயதை அண்மித்திருப்பர். இரணைமடு அணைக்கட்டில் நின்று அவர்கள் அதனை அஞ்சி நோக்குவதா, அறிந்து நோக்குவதா என்பதை இன்றைய வகுப்பறைகளே தீர்மானிக்கும். ஆபிரகாமின் கதையை ஆசிரியர்கள் அங்கே சொல்லுதல் வேண்டும்.