அன்னா பாவ்லோவா

அன்னா பாவ்லோவா (பெப்ரவரி 12, 1881 - சனவரி 23, 1931) புகழ்பெற்ற ரஷ்ய பாலே நடனக் கலைஞர் ஆவார். கால்விரல் நுனியில் நின்று ஆடும் ஐரோப்பிய மேடை நடனமே பாலே எனப்படுகிறது. பரதநாட்டிய வரலாற்றிலும் பாவ்லோவாவின் பெயர் இடம்பெற்றுள்ளது.

வாழ்க்கை

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், சலவைத் தொழில் செய்த தாய்க்கு மகளாகப் பிறந்தார். 1891இல் அந்நகரின் பேரரசு பாலே பள்ளியில் சேர்ந்து, 1899இல் பயிற்சியை முடித்தார். 1906இல் மரீன்ஸ்கி அரங்கின் முதன்மை நடனக் கலைஞரானார். மிக்கைல் ஃபோக்கின் அமைத்த "இறக்கும் அன்னம்" என்ற தனி நடனம் இவருக்கு உலகப் புகழ் தந்தது. 1912இல் இலண்டனில் வீடு வாங்கிக் குடியேறிய இவர், சொந்தக் குழுவுடன் பல நாடுகளில் ஆடினார்.

ஒளிப்படங்கள்

அக்கால ஒளிப்படக் கருவிகளால் விரைந்த அசைவைப் பதிவு செய்வது கடினம். ஆகவே இவரது பழைய படங்களுள் பெரும்பாலானவை படப்பிடிப்பு நிலையத்தில் அசையாது நின்று எடுக்கப்பட்டவை. வளைவு மிகுந்த தம் பாதங்களுக்குத் துணையாகக் காலணியின் அடிப்பகுதியை இவர் கடினமாக்கி, நுனியை அகலப்படுத்திக்கொண்டார். ஆயினும் படங்களில் அந்நுனி மெலிந்து தோன்றுமாறு திருத்தச் செய்தார் எனப்படுகிறது. இவர் ஆடிய சில நடனங்கள் ஊமைப்படச் சுருள்களாகவும் எஞ்சியுள்ளன.

இந்தியத் தொடர்பு

1922இல் பாவ்லோவா இந்தியா வந்தார். 1923இல் உதய் சங்கருடன் இணைந்து இலண்டனில் "இராதா-கிருஷ்ணா" நடனத்தை அரங்கேற்றினார். மீண்டும் 1928-29இல் மேற்கொண்ட பயணத்தின்போது மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி இவரது ஆட்டத்தைப் பம்பாயில் கண்டார். பின்னர் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் இருவரும் நட்புக் கொண்டனர். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே பயின்றார். தாய்நாட்டுக் கலையை நாடுமாறு பாவ்லோவா அவருக்கு அறிவுறுத்தினார்.

தமிழகத்தில் அக்காலச் சூழல்

அப்போது தமிழகத்தில் சதிராட்டம் கடும் விவாதத்துக்கு உள்ளாகியிருந்தது. புதுக்கோட்டையில், இசை வேளாளர் மரபைச் சேர்ந்த சந்திரம்மாளுக்கு மகளாகப் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க 1927இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். இதற்கான சட்டம் 1947இல் நிறைவேறியது. இதனிடையே மயிலாப்பூர் கௌரி அம்மாள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆகியோரிடம் பயின்ற ருக்மிணி தேவி, 1935இல் அடையாற்றில் மேடையேறி, 1936இல் கலாசேத்திராவை நிறுவினார். இம்மாற்றம் கலையைக் காத்தது என்போர் உளர். மரபுவழிக் கலைஞர்களிடமிருந்து அதனை அகற்றியது என்போரும் உளர்.

பாவ்லோவாவின் படங்கள் அவர் பெயருடனும் அவர் விரும்பிய தோற்றத்துடனும் உலகெங்கும் பரவின. அதே காலத்துத் தமிழக ஆடல் மகளிரின் ஒளிப்படங்கள் பலவற்றில் ஆடியவரின் பெயர்கூட இல்லை. "நாட்டியப் பெண்" என்பது போன்ற பொதுக் குறிப்பே உள்ளது.

மறைவு

நெதர்லாந்தின் டென் ஹாக் நகரில் நுரையீரல் நோயால், 50ஆவது பிறந்த நாளுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் பாவ்லோவா காலமானார்.