கார்பெட் சுமந்த துப்பாக்கி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

ஜிம் கார்பெட்டின் வாழ்க்கையை எழுதுவோர் அவர் எத்தனை ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டார் என்பதையே விரிவாகக் கூறுவது வழக்கம். எதைக் கொண்டு சுட்டார் என்பதை ஒரே வரியில் முடித்துவிடுவர். நான் இயற்பியல் மாணவன் என்பதாலோ, யானையும் சிறுத்தையும் வாசல்வரை வந்து போகும் சேரங்கோட்டில் வளர்ந்தவன் என்பதாலோ, எனக்கு அந்த ஒரு வரியே பெரிதாகப் படுகிறது. துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்குப் பேச்சு என்று நினைப்போர் இக்கட்டுரையைச் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இமயமலை அடுக்கிலுள்ள நைனிதாலில் பிறந்தார். தந்தை அவ்வூர் அஞ்சல் நிலையத்தின் தலைவர். மகனுக்கு ஆறு வயது நிரம்புமுன்னரே அவர் காலமானார். நிறையப் பிள்ளைகள், கைம்பெண்ணான தாய், குறைந்த வருமானம். குளிர்காலத்தில் குடும்பம் மலையடிவாரத்துக் காலாடுங்கிக்கு இறங்கிவிடும். அங்கேதான் காடு அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. எட்டு வயதில் அவர் கைக்குக் கிடைத்த முதல் துப்பாக்கியைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். வாய்வழியே மருந்து கெட்டிக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி. வலது குழல் வெடித்துப் பிளந்திருந்தது. உடைந்த கட்டையைப் பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள். பத்து வயதில் கேடட் படையிலிருந்து ஒரு மார்ட்டினி ரைபிள் இரவல் கிடைத்தது. அது சுடும்போது தோளில் உதைக்கும் உதை சிறுவனுக்குத் தாங்காது. இருந்தும் அதைக் கொண்டே தம் முதல் சிறுத்தையை அவர் வீழ்த்தினார்.

பள்ளிப் படிப்போடு சரி. கல்லூரி வாசலை அவர் மிதிக்கவில்லை. ரயில்வேயில் விறகு, எரிபொருள் கண்காணிக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு கங்கைக் கரையில் மொகாமே காட் என்னுமிடத்தில் சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராக 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். கூலியாட்களோடு சேர்ந்து தாமும் மூட்டை தூக்கியவர் அவர். விடுமுறையில்தான் வேட்டை.

1907இல் சம்பாவத் பகுதியில் ஒரு பெண்புலி மக்களை நடுங்க வைத்திருந்தது. நேபாளத்தில் 200 பேர், அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாவூனில் 236 பேர் என அது கொன்றவர்களின் கணக்கு 436. கிராமத்தார் கதவைத் திறக்கவே அஞ்சிக் கிடந்தனர். வட்டத் தாசில்தாரின் உதவியோடு கார்பெட் ஆட்களைத் திரட்டிப் புலியைக் கலைத்தார். அன்று அவர் கையிலிருந்தது கனமான இரட்டைக் குழல் ரைபிள். தோட்டாக்களோ மூன்றே மூன்று. மூன்றும் தீர்ந்தும் புலி சாகவில்லை. ஓடிச்சென்று தாசில்தாரின் பழந்துப்பாக்கியைப் பிடுங்கி வந்து மிக நெருக்கத்தில் சுட்டார். அத்துப்பாக்கியில் குழலுக்கும் அதன் பின்மூடிக்கும் நடுவே இடைவெளி தெரியும். குறி வைத்தது வாயை. குண்டு பட்டதோ முன்காலில்! நல்லவேளையாக, முன்னரே பட்ட காயங்களால் புலி மாண்டது.

இறந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வலப்புறத்து மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்புவரை போயிருந்தது. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை அது. காட்டு விலங்கைப் பிடித்துத் தின்ன முடியாமற்போன அப்புலி மனிதரைத் தேடி வந்தது. சுட்டவர் யாரென்று எவருக்கும் தெரியாது. ஒருவர் குறி தவறிச் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கு விலை கொடுத்தவர்கள் புல்லறுக்கவும் விறகொடிக்கவும் போன 436 ஏழைகள். கையில் எந்தத் துப்பாக்கி, அதை எப்படிச் சுடுவது என்பது பொழுதுபோக்குப் பேச்சு அன்று என நான் கூறுவது இதனால்தான்.

ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் இச்செயலைப் பாராட்டிக் கார்பெட்டுக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். லண்டன் ரிக்பி நிறுவனத்தின் 275 ரைபிள் அது. (தாசில்தாருக்கும் ஒரு புதுத் துப்பாக்கி கிடைத்தது. அதற்கு அவரைவிடத் தகுதியானவர் இருந்திருக்க முடியாது!)

அக்காலத்தில் பெரிய வேட்டைக்காரர் என்றால் லண்டன் கைவினைஞர் தனியே செய்து தரும் இரட்டைக் குழல் ரைபிள்தான் கௌரவம். தையற்காரர் அளவெடுப்பதுபோல் வாங்குவோரின் கை நீளம், தோள், கழுத்து எல்லாம் அளந்து கட்டையைச் செதுக்குவார்கள். இரண்டு குழல்களும் ஒரே புள்ளியில் சுட வேண்டுமே! அதற்காகச் சுட்டுப் பார்ப்பதும், பற்றவைப்பை இளக்கிக் குழலை மயிரிழை நகர்த்துவதும், மறுபடி சுட்டுப் பார்ப்பதுமாக நாட்கணக்கில் வேலை நடக்கும். ஒரு குண்டு தவறினால் அடுத்த கணமே மறு குண்டு பாயும் என்பது அதன் பெருமை. நாலரை முதல் ஐந்து கிலோ எடை என்பது அதன் குறை. ஆனால் யானைமேல் இருந்தும் பரண்மேல் அமர்ந்தும் சுட்ட மன்னர்களுக்கும் துரைமார்களுக்கும் அது குறையாகத் தெரிந்திராது. சுமப்பவர் வேறொருவர் அல்லவா?

ரிக்பியின் 275 வேறு வகை. அதன் இயக்கப் பகுதி ஜெர்மனியில் மௌசர் ஆலையில் இயந்திரத்தால் செய்யப்பட்டது. தோட்டாவும் மௌசர் ஆலை போர்ப் படைகளுக்கென்று உருவாக்கிய 7 மில்லிமீட்டர் தோட்டாவே. குழலும் கட்டையும் பொருத்திக் கைக்கு இசைவாக முடித்ததுதான் லண்டன் பட்டறையின் பங்கு. ஆலைப் பொருளா, கைப்பொருளா என்று கேட்டால் இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும். அந்த ரிக்பியே 1887 முதல் 1894 வரை என்ஃபீல்டு அரசாங்க ஆயுத ஆலையின் கண்காணிப்பாளராக இருந்தவர். ஆலை வேலையை இழிவாக நினைப்பவர் அல்லர்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அப்பாவின் கவாத்துக் கத்தி நினைவுக்கு வந்தது. அலகு எல்லாருக்கும் ஸ்டோரில் ஒரே மாதிரிதான் கொடுப்பார்கள். பிடியை மட்டும் அப்பா தம் கைக்குத் தக்கபடி செதுக்கிக்கொள்வார். ஒரு நாளைக்கு எத்தனை நூறு வெட்டு என்று எண்ணிப் பார்த்தால், கத்தியின் எடையில் ஒரு விரற்கடை மரம் குறைவதும் மாலையில் தோளுக்குத் தெரியும்.

கார்பெட்டிடம் ஜெஃப்ரி நிறுவனத்தின் 450/400 இரட்டைக் குழல் ரைபிளும் இருந்தது. அதை அவர் ஒதுக்கிவிடவில்லை. ஆயினும் நாள் முழுவதும் தனியாக, கால்நடையாக, செங்குத்து மலையில் ஏறி இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை கிலோ எடையுள்ள 275 அவருக்குக் கைகொடுத்தது. அதன் குண்டு 9 கிராம். இரட்டைக் குழலின் குண்டு 26 கிராம். வலிமையில் ஒப்பே இல்லை. எடையை விட்டு வலிமையைக் கொள்வதா, வலிமையை விட்டு எடையைக் குறைப்பதா? இந்தக் கேள்விக்கு விடை 1930 ஏப்ரல் 11 அன்று கிடைத்தது.

சௌகர் என்னும் பகுதியில் 64 பேரைக் கொன்ற பெண்புலியை அவர் தொடர்ந்து தேடிக்கொண்டிருந்தார். பறவை முட்டை சேகரிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அன்று வழியில் பக்கி என்னும் இராப்பறவையின் முட்டைகள் இரண்டைக் கண்டு இடக்கையில் எடுத்துக்கொண்டு, வறண்ட ஓடை ஒன்றில் இறங்கினார். வலக்கையில் ரைபிள் மார்புக்குக் குறுக்கே இருந்தது. பெரிய பாறையொன்றைச் சுற்றி வந்து திரும்பிப் பார்த்தால், எட்டடி தூரத்தில் புலி பாயத் தயாராய்ப் படுத்திருக்கிறது! துள்ளித் திரும்பினால் பாய்ந்துவிடும். ஒரே கையால், முக்கால் வட்டம், கண்ணுக்குத் தெரியாத மெதுவில் ரைபிளைச் சுழற்றினார். குழல் புலிக்கு நேராக வந்தபோது கை முழுதும் நீண்டு, எடை தாளாமல் நடுங்கத் தொடங்கியிருந்தது. விசையை அழுத்தினார். பாயவிருந்த நிலையிலேயே புலியின் தலை முன்கால்கள் மீது சாய்ந்தது.

இங்கே நம் பாடப்புத்தகத்தின் திருப்புவிசையை நினைத்துக்கொள்ளுங்கள். தோளுக்கு அருகே தாங்கும் எடை ஒன்று, நீட்டிய கையின் நுனியில் தாங்கும் எடை வேறு. மூன்றரை கிலோ அரிசிப் பையை நீட்டிய ஒற்றைக் கையில் பிடித்து இருபது எண்ணிப் பாருங்கள். பிறகு ஐந்து கிலோவைப் பிடித்துப் பாருங்கள். ரைபிள் கனமாக இருந்திருந்தால் அதை அப்படித் தூக்கிச் சுட்டிருக்க முடியாது என்று கார்பெட்டே பின்னாளில் எழுதினார். முட்டைகளையும் தமக்கு உதவியவையாகவே அவர் கணக்கிட்டார். இடக்கை வெறுமையாக இருந்திருந்தால் பதறித் திரும்பியிருப்பாராம். அம்முட்டைகளைத் திரும்பக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்தார்; தாய்ப்பறவையும் வந்து அடைகாத்தது.

அதற்கு முன்பே, 1926 மே மாதத்தில், 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தையையும் இதே ரைபிளால் இருளில் வீழ்த்தியிருந்தார். போகப்போகச் சுடுவதைவிடப் படம் பிடிப்பதிலேயே அவர் மனம் சென்றது. 1936இல் நாட்டின் முதல் தேசியப் பூங்கா அமைவதற்குத் துணை நின்றார். இன்று அது அவர் பெயரையே தாங்கியுள்ளது. 1944இல் அவருடைய முதல் பெரும் நூல் வெளியாகி உலகப் புகழ் தந்தது. 1947இல் தமக்கை மேகியுடன் கென்யாவுக்குச் சென்றவர் 1955 ஏப்ரல் 19 அன்று அங்கேயே மறைந்தார்.

1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது முடிந்துபோன கதை. ஆனால் அச்சம் முடியவில்லை. 2021 அக்டோபரில் கூடலூர், மசினகுடிக் காடுகளில் மூன்று வாரம் தேடிய புலியை மயக்க ஊசி செலுத்தி உயிருடன் பிடித்தார்கள். 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே சிறுத்தை ஒரு குழந்தையைக் கொன்றபோது மக்கள் கொதித்தெழுந்து சாலையை மறித்தார்கள். அதுவும் மயக்க ஊசியாலேயே பிடிபட்டது. அந்நாட்களில் எங்கள் லைனில் அந்தி சாய்ந்தால் யாரும் தனியே வெளியே போகவில்லை. உடனே சுட்டுத் தள்ள வேண்டும் என்று பெரியவர்கள் பேசினார்கள். அவர்கள் கோபம் நியாயமானதே. ஆனால் சம்பாவத் புலியின் உடைந்த பல் என் நினைவை விட்டு அகலவில்லை. மயக்க ஊசித் துப்பாக்கிக்கும் எடை, தூரம், மருந்தின் அளவு எல்லாம் உண்டு. அதை ஏந்துபவரும் காலால் நடந்தே நெருங்க வேண்டும்.

கார்பெட்டின் ரைபிள் அவர் மறைவுக்குப் பின் அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் பல ஆண்டுகள் இருந்தது. பிறகு அதைச் செய்த ரிக்பி நிறுவனத்திடமே திரும்பிச் சேர்ந்தது. 1907ஆம் ஆண்டுப் பரிசைக் குறிக்கும் சிறு வெள்ளித் தகடு அதன் கட்டையில் பதிக்கப்பட்டிருக்கிறது.