சூரியனை 25 நொடி பார்த்தவர்

மொபைலில் ஜிஃப் அனுப்பாத ஆள் நம்ம காலேஜில் உண்டா? அந்த ஓடும் படத்துக்கு ஒரு கொள்ளுத் தாத்தா இருக்கார். பெயர் ஜோசப் பிளாட்டோ. (கிரேக்கத்து பிளேட்டோ வேற, இவர் வேற!) 1801-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். 14 வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்தவர்.

வெளிச்சம் போன பிறகும் அதன் பதிவு விழித்திரையில் கொஞ்ச நேரம் தங்குமே, அதைப் பற்றித்தான் 1829-ல் முனைவர் பட்ட ஆய்வு. 1832-ல் ஓரத்தில் பிளவுகள் வெட்டிய ஒரு வட்டத் தட்டு செய்தார். கண்ணாடி முன் நின்று சுழற்றி, பிளவு வழியாகப் பார்த்தால் வரைந்த உருவங்கள் அசையும்.

1829-லேயே இன்னொரு சோதனையும் செய்தார். வெறும் கண்ணால் சூரியனை சுமார் 25 நொடி உற்றுப் பார்த்தார். 1843-ல் இரண்டு கண்ணும் முழுசா போச்சு. சூரியன்தான் குற்றவாளி என்று ஊரே முடிவு கட்டியது.

ஆனா கொஞ்சம் யோசிங்க. சூரிய ஒளி சுடுவது விழித்திரையின் நடுப்புள்ளியை. பார்வையின் நடுவில் ஒரு கறை விழும். ஓரப் பார்வை பெரும்பாலும் தப்பிக்கும். 14 வருஷம் காத்திருந்து மொத்தமாக இருட்டாக்குவது அதன் வழக்கமில்லை. அவருக்கு வந்தது கண்ணுக்குள் நீடித்த அழற்சியாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரின்னு படுது. அதுக்காக கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கிளம்பிடாதீங்க. விழித்திரைக்கு வலி தெரியாது. அடிபடும்போது நமக்கே தெரியாம போகும்.

பார்வை போன பிறகு மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? சோப்புப் படலம்! கெண்ட் நகரில் மனைவி, மகன், மருமகன், நண்பர்கள் கம்பிச் சட்டங்களை சோப்புக் கரைசலில் முக்கி எடுத்து, கண்டதைச் சொல்வார்கள். இவர் கேள்வி கேட்பார், அடுத்த சோதனையைச் சொல்வார், எழுத வைப்பார். மூன்று படலங்கள் சந்தித்தால் 120 டிகிரி. நான்கு விளிம்புகள் ஒரு புள்ளியில் கூடினால் சுமார் 109.5 டிகிரி. இதற்குக் கணித நிரூபணம் 1976-ல்தான் வந்தது. அவர் பெயரில் உள்ள கணக்கைத் தீர்த்ததற்காக ஜெஸ்ஸி டக்ளஸுக்கு 1936-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம். சிவில் நண்பர்களே, கூடாரக் கூரைகளுக்குப் பேர்போன ஃபிரை ஓட்டோவும் சோப்புப் படலத்தை வைத்துத்தான் வடிவம் தேடினார்.

1873-ல் அந்த ஆய்வுகள் இரண்டு பாகங்களாக வெளிவந்தன. 1883-ல் இறந்தார். படலத்தில் ஓடும் நிறங்களை, கடைசி வரை அடுத்தவர் சொல்லித்தான் கேட்டுக்கொண்டார்.